விளையாட்டுகள் பெருகிவிட்டன... புதுமை எங்கே?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில், அதை இணைத்து இயக்கியவுடன் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இதுல கேம் இருக்கா?" என்பதுதான். கேம் கிடைக்காமல் சிடிக்கு அலைந்த காலம் ஒன்று இருந்தது. இன்று பிரச்னை தலைகீழ். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் விழிக்கிறோம். லூடோ என்று டைப் செய்தால் வரிசையாக வந்து நிற்கும் கேம்களில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் கட்டத்தின் கலர் தவிர வேறு வேறுபாடு இருக்கிறதா, பாருங்கள்.

ஆனால் நான் இங்கு எழுத வந்தது, கம்ப்யூட்டர் திரையில் ஆடும் கேம் பற்றி அல்ல. நான்கைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, வாயால் பேசியே ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றி. கம்ப்யூட்டர் இல்லாமலே ஆடலாம். ஆனால் இந்த விளையாட்டின் சந்தை அளவுக்கு மீறி வீங்கியதற்கு, வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டரும் ஒரு காரணம். அந்தத் தவறில் எனக்கும் 72 பக்கம் பங்கு உண்டு. அதையும் சொல்கிறேன்.

ரோல்பிளேயிங் கேம் என்று இதற்குப் பெயர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். வசனம் எழுதிக் கொடுக்காத தெருக்கூத்து என்று வைத்துக் கொள்ளுங்கள். "கோட்டைச் சுவர் ஏறிக் குதிக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், நடந்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தான் இந்த வகையில் கடைக்கு வந்த முதல் விளையாட்டு. முதலில் அச்சிட்டது 1,000 பெட்டிகள். அதை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனம் பிறகு பெரிதாக வளர்ந்தது. 1990-களில் ஒரே விளையாட்டுக்குப் பாலைவன உலகம், பேய் உலகம், விண்வெளிக் கப்பல் உலகம் என்று பல உலகங்களை அடுத்தடுத்து புத்தகமாகப் போட்டுத் தள்ளியது. பாலைவன உலகத்தை வாங்கியவர் பேய் உலகத்தை வாங்கவில்லை. இருந்த வாடிக்கையாளர்களையே கூறு போட்டது போல ஆயிற்று. விற்காத புத்தகங்கள் திரும்பி வந்தன. கடன் ஏறியது. 1997-ல் விசார்ட்ஸ் ஆப் த கோஸ்ட் என்ற நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.

அடுத்து நடந்ததுதான் நம்மைப் போன்ற சாப்ட்வேர்க்காரர்களுக்குச் சுவையானது. லினக்ஸ் பற்றிப் படித்திருப்பீர்கள். புரோகிராமின் மூலக் குறியீட்டை எல்லாருக்கும் திறந்து கொடுத்து, 'நீயும் மாற்றிக்கொள், மாற்றியதை மற்றவருக்கும் கொடு' என்று சொல்லும் உரிமம் அதில் இருக்கிறது. அந்த யோசனையைப் பார்த்து, விசார்ட்ஸ் நிறுவனத்தில் இருந்த ரயன் டான்சி என்பவர், விளையாட்டின் விதிகளுக்கும் அதே போல் ஓர் உரிமம் கொண்டு வந்தார். 2000-ஆம் ஆண்டில் மூன்றாம் பதிப்புடன் வெளிவந்த அதன் பெயர் ஓப்பன் கேம் லைசன்ஸ்; சுருக்கமாக ஓ.ஜி.எல். 20 முகப் பகடையை மையமாகக் கொண்ட அந்த விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்து, தங்கள் புத்தகத்தில் அச்சிட்டு விற்கலாம். பணம் கட்ட வேண்டாம். அனுமதி கேட்க வேண்டாம்.

நல்ல காரியம்தானே? நல்ல காரியம்தான். ஆனால் அதே சமயம் பக்க வடிவமைப்பு சாப்ட்வேர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. படுக்கையறையில் ஒரு கம்ப்யூட்டர், கொஞ்சம் படம், 64 பக்கம் டைப் செய்யப் பொறுமை; இவை இருந்தால் நீங்களும் பதிப்பாளர். 2001, 2002-ல் அமெரிக்கக் கடைகளின் அலமாரிகள் இப்படிப்பட்ட புத்தகங்களால் நிரம்பி வழிந்தன. புதிய பூதங்கள் 100, புதிய மந்திரங்கள் 200, இன்னொரு பாதாளக் குகை. அட்டைப் படம் மட்டும் வேறு. உள்ளே அதே எலும்புக்கூடு. கடைக்காரர்களுக்கே எது நல்லது, எது குப்பை என்று பிரிக்க முடியவில்லை. 2003 ஜூலையில் விசார்ட்ஸ் நிறுவனம் விதிகளைத் திருத்தி 3.5 பதிப்பு வெளியிட்டது. அவ்வளவுதான், பழைய விதிகளை நம்பி அச்சடித்தவை எல்லாம் ஒரே நாளில் பழசாயின. பாதி விலை, கால் விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பல சிறு பதிப்பாளர்கள் கடையை மூடினார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரிய அமெரிக்கா வரை போக வேண்டாம். தஞ்சைப் பக்கம் அறுவடைக் காலத்தில் வந்தால், கொள்முதல் நிலைய வாசலில், சாலை ஓரத்தில் நெல் குவியல் குவியலாகக் கிடப்பதைப் பார்க்கலாம். எல்லாரும் ஒரே ரகத்தை ஒரே வாரத்தில் நட்டு, ஒரே வாரத்தில் அறுத்திருப்பார்கள். எடை போட ஆள் போதாது, சாக்கு போதாது, வைக்க இடம் போதாது. மழை வந்து ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அதற்கு ஒரு தகராறு. தனியார் வியாபாரி சொன்னதுதான் விலை. நெல் விளைந்தது குற்றமில்லை. எல்லாருடையதும் ஒன்றே போல், ஒரே நேரத்தில் வந்து நின்றதில்தான் சிக்கல்.

இதில் இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். ஓ.ஜி.எல். உரிமத்தைக் குறை சொல்பவர்கள், 'இலவசமாகக் கொடுத்ததால்தான் குப்பை சேர்ந்தது' என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்டவர். 2018 டிசம்பரில் காலமானார். விதைத் திருவிழாவில் விவசாயிக்கு 2 கிலோ விதை நெல் கொடுப்பார். பணம் வாங்க மாட்டார். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. இதுவும் ஒரு ஓப்பன் லைசன்ஸ்தான்! ஆனால் அங்கே காட்டுயானம் ஒருவர் கையில், மாப்பிள்ளைச் சம்பா ஒருவர் கையில், கருப்புக் கவுனி இன்னொருவர் கையில் என்று போயிற்று. தண்ணீர் நிற்கும் வயலுக்கு ஒன்று, வறண்ட மேட்டுக்கு ஒன்று. அமெரிக்காவில் எல்லாரும் ஒரே ரகத்தை வாங்கி, அதே ரகத்தையே திருப்பிக் கொடுத்தார்கள்.

எல்லாரும் என்று சொல்வது தவறு. 2002-ல் கிரீன் ரோனின் நிறுவனம் வெளியிட்ட 'மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' அதே இலவச விதிகளிலிருந்து பிறந்ததுதான். ஆனால் அது சூப்பர் ஹீரோ கதை. அடி வாங்க வாங்கக் குறையும் உயிர்ப்புள்ளி கணக்கு அந்தக் கதைக்குப் பொருந்தாது என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு, வேறு முறை வைத்தார்கள். அந்த வெள்ளத்தில் எத்தனையோ அடித்துச் செல்லப்பட்டன, இது நின்றது.

இனி என் கதை.

என் ஊர் பேராவூரணிப் பக்கம். கல்லணைக் கால்வாயின் கடைமடை. எங்கள் ஊரில் கல்லணைக் கால்வாய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புது ஆறு என்பார்கள். 1934-ல் வெட்டி முடித்தது இன்னும் புதுசாகவே இருக்கிறது. இன்ஜினியரிங் முடித்து சென்னையில் சாப்ட்வேர் வேலை. அலுவலக நண்பர்கள் சனிக்கிழமை இரவுகளில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவார்கள். நானும் சேர்ந்தேன். ஆறு மாதத்தில், 'தமிழில் நாமே ஒன்று எழுதினால் என்ன?' என்று தோன்றிவிட்டது.

நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்தேன். கொள்ளிடக் கரையில் ஒரு பாழடைந்த கோயில், அதற்குக் கீழே சுரங்கம், சுரங்கத்தில் புதையல், காவலுக்குப் பூதங்கள். 20 முகப் பகடை. 72 பக்கம். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் யூனிகோடு எழுத்துருவில் அடித்து, பி.டி.எப். ஆக மாற்றி, அட்டைப் படத்துக்கு ஓவியருக்கு 6,000 ரூபாய் கொடுத்து, இணையத்தில் விற்பனைக்கு ஏற்றினேன். ஆறு மாதத்தில் 14 பிரதிகள் விற்றன. அதில் 9 பேர் என் நண்பர்கள்.

விளம்பரம் போதவில்லை, தமிழர்களுக்கு ரசனை இல்லை என்றெல்லாம் கொஞ்ச நாள் புலம்பினேன். (புத்தகம் போட்ட எல்லாரும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள் போலிருக்கிறது.) கடைசியில் கும்பகோணத்து நண்பன் ஒருவன்தான் போட்டு உடைத்தான். "இங்கிலீஷ் புத்தகத்துல இருக்குற குள்ளனுக்கு வேட்டி கட்டி விட்டிருக்கே. வேற என்னடா பண்ணியிருக்கே?" கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. கொள்ளிடம் என்ற பெயரை எடுத்துவிட்டு மிசிசிப்பி என்று போட்டாலும் ஒரு விதி கூட மாற வேண்டியதில்லை.

சோதித்துப் பார்க்க இது நல்ல வழி. ஊர்ப் பெயரை 'பைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' கொடுத்து மாற்றிப் பாருங்கள். எதுவும் கெடவில்லை என்றால், அந்த ஊர் உங்கள் விளையாட்டில் இல்லவே இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பிரிண்ட் எடுத்த புத்தகத்தை அப்பாயியிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படிப்பார். புதையல், பூதம் எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 20 முகப் பகடையை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். "இது என்னய்யா, கோலிக்குண்டு மாதிரி? தாயக்கட்டை கிடைக்கலையா?" என்று கேட்டார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 முகப் பகடையில் ஒவ்வோர் எண்ணும் விழ 5 சதவீத வாய்ப்பு. 1 விழுவதும் 20 விழுவதும் 10 விழுவதும் ஒன்றேதான். நம் பித்தளைத் தாயக்கட்டையில் நான்கு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. இரண்டு கட்டையும் சேர்த்தால் 16 விதமாக விழலாம். அதில் மூன்று விழுவது 4 விதம். இரண்டும் நான்கும் மும்மூன்று விதம். தாயமும் ஐந்தும் இரண்டிரண்டு. ஆறு ஒரே ஒரு விதம். இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டு ஒரே ஒரு விதம். அதாவது 16-ல் 10 முறை இரண்டு, மூன்று, நான்குக்குள்தான் விழும். உச்சமும் பாதாளமும் அபூர்வம். பெரும்பாலும் நடுவில்தான்.

நடுவில் விழும் கட்டைக்கு, வெட்டு குத்துக் கதை பொருந்தாது. பேச்சுவார்த்தைக் கதை பொருந்தும். பாதி சம்மதம், பாதி மறுப்பு. எங்கள் ஊரில் அப்படிப்பட்ட கதைக்குப் பஞ்சமா?

மேட்டூரில் தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12-ல் அணை திறப்பார்கள். கல்லணை வந்து, பிரிந்து, புது ஆற்றில் இறங்கி, எங்கள் கடைமடையை எட்டுவதற்குள் நாட்கள் போய்க்கொண்டே இருக்கும். போர் தண்ணீரை வைத்து நாற்று விட்டிருப்போம். முப்பது நாள் தாண்டினால் நாற்று முற்றும். மேலே ஒரு கிளை வாய்க்காலில் யாரோ மண் மூட்டை போட்டு அடைத்திருப்பார்கள். இன்னோர் இடத்தில் ஆகாயத்தாமரை மண்டி நிற்கும். மதகு ஷட்டர் துருப்பிடித்திருக்கும். நாலு பேர் சைக்கிளிலும் பைக்கிலும் வாய்க்கால் கரையோடு மேல்நோக்கிப் போவார்கள். சின்ன வயதில் அப்பாவுடன் நானும் போயிருக்கிறேன்.

இதுதான் இரண்டாவது விளையாட்டு. பாத்திரங்கள்: பழைய வாய்க்கால் வரைபடம் மனதில் இருக்கும் ஒரு பெரியவர், டிராக்டர் டிரைவர், பள்ளிக்கூட வாத்தியார், நூறு நாள் வேலையில் வாய்க்கால் வெட்டியதால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரிந்த ஓர் அக்கா, லீவுக்கு வந்த இன்ஜினியரிங் மாணவன். உயிர்ப்புள்ளி கிடையாது. அதற்குப் பதில் நாற்றின் வயது. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒன்றிரண்டு நாள் கழியும். இரண்டு, மூன்று, நான்கு விழுந்தால் எதிர்த் தரப்பு சம்மதிக்கும், ஆனால் ஒன்று கேட்கும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால், வழக்கம்போல இன்னொரு முறை உருட்டலாம்.

இதையும் அப்பாயியிடம் சொல்லிக் காட்டினேன். ராத்திரியில் போய் ஷட்டரைத் தூக்கிவிடலாம் என்று ஒரு வழி வைத்திருந்தேன். அதைக் கேட்டதும் நிறுத்தினார். "தூக்கிட்டு வந்துடுவே. மேலூர்லதானே உங்க அத்தையைக் கட்டிக் கொடுத்திருக்கு? அடுத்த வருஷம் கொடுக்கல் வாங்கல் நிக்கும். அதை எங்கய்யா எழுதியிருக்கே?"

எழுதவில்லை. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. இப்போது எழுதிவிட்டேன். ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் மேலூரில் ஓர் உறவைச் சொல்ல வேண்டும். மாமன், மச்சான், சம்பந்தி, கூடப் படித்தவன், யாராவது. ராத்திரி ஷட்டர் தூக்கினால் தண்ணீர் வரும். அந்த உறவின் பெயர் அடிக்கப்படும். ஒரு முறை ஆடியபோது, தண்ணீரை ஜெயித்துவிட்டு எல்லார் பெயரும் அடிபட்டு உட்கார்ந்திருந்த என் சித்தப்பா மகன், "இது ஜெயிச்ச மாதிரியே இல்லையேண்ணே" என்றான். 72 பக்கப் புத்தகத்தை ஆடி யாரும் எதுவும் சொன்னதில்லை. இது 12 பக்கம்.

நம் நதிக்கரையும் நம் பழைய விளையாட்டும் உலகச் சந்தைக்குப் போகாது என்று நினைக்க வேண்டாம். 2022-ல் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அதிகாரபூர்வப் புத்தகம் ஒன்றில், கொல்கத்தாவில் பிறந்த எழுத்தாளர் மிமி மண்டல் ஆறுகள் பின்னிய நிலத்தில் நடக்கும் ஒரு கதையை எழுதியிருக்கிறார். சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002-ல் தொடங்கிய கிரீடா நிறுவனம் பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி போன்றவற்றைத் திரும்ப வீடுகளுக்குள் கொண்டு வந்தது. தாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காய் வெட்டாமல் உள் கட்டத்துக்குப் போகக் கூடாது என்பார்கள் ஒரு தெருவில். அடுத்த தெருவில் அந்த விதியே கிடையாது. உரிமம் எதுவும் இல்லாமலே ஆளாளுக்கு மாற்றி ஆடியிருக்கிறார்கள். ஆப்ஸில் இந்த வேறுபாடுகள் எல்லாம் அழிந்து, ஒரே விதி எல்லார் கையிலும் உறைந்து போகிறதே என்பது என் வருத்தம்.

ஓ.ஜி.எல். கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. 2023 ஜனவரியில் அந்த உரிமத்தை இறுக்கப் போகிறார்கள் என்ற வரைவு வெளியே கசிந்து, ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே மாதம் 27-ல், நிறுவனம் இறங்கி வந்து, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. அதைத் திரும்பப் பெற முடியாது. எனவே விதை இன்றும் இலவசம். அந்த பி.டி.எப். பைலை நீங்களும் டவுன்லோடு செய்து படிக்கலாம். கூடவே, ஒரே மாலையில் 100 பக்கம் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு சாப்ட்வேரும் இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது. 2001-ல் படுக்கையறைக் கம்ப்யூட்டர் செய்த வேலையை இது பத்து மடங்கு செய்யும் என்பது என் கணிப்பு.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மொத்தமாகக் கிடைக்கிறதே என்று டவுன்லோடு செய்து ஹார்ட் டிஸ்க்கை நிரப்பாதீர்கள். 2020 ஜூனில் இட்ச் தளத்தில், ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட, குறைந்தது 5 டாலர் கொடுத்தால் 1,700-க்கும் மேற்பட்ட விளையாட்டுகளும் புத்தகங்களும் என்று கொடுத்தார்கள். நானும் வாங்கினேன். காசு நல்ல காரியத்துக்குப் போயிற்று. அதில் குறை இல்லை. ஆனால் இன்றுவரை நான் திறந்து படித்தவை மூன்று. மீதி எந்த போல்டரில் இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

உங்களுக்கே ஒன்று எழுதத் தோன்றினால், அட்டைப் படத்துக்குச் செலவழிக்கும் முன் எட்டுப் பக்கம் மட்டும் அடியுங்கள். பிரிண்ட் எடுங்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பற்றிக் கேள்விப்படாத ஒருவரிடம், முடிந்தால் அறுபது வயது தாண்டியவரிடம், ஆடிக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் நிறுத்தி, "அப்படி நடக்காதே" என்கிறாரோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

என் 12 பக்கத்தை விற்பனைக்கு ஏற்றவில்லை. இலவசமாகத்தான் வைத்திருக்கிறேன். மேலூரில் இருந்து ஒருவர் டவுன்லோடு செய்து, அவர்கள் பக்க நியாயத்தை வைத்து ஒன்று எழுதிக்கொண்டிருப்பதாக அத்தை போனில் சொன்னார். அவர்களுக்கும் நாற்று முற்றுகிறதாம்.